கோணல் அடுப்படி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் எவராயினும், அவர் ஓர் ஆண்மகனாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நமது சித்தாந்தம். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் அவருக்கு ஒரு கணமும் எழவில்லை, பாருங்கள்! தேனியிலிருந்து கம்பம் வரையில், முல்லையாற்றை ஒட்டிய ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் நாம் போயிருக்கிறோம். கூடங்கள் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கின்றன. கோணலெல்லாம் போய்ச் சேருகிற இடம் அடுப்படி.

வீடு கட்டுகிறவர் முதலில் வாசலைப் பார்க்கிறார். பிறகு கூடம், பூஜை அறை, படுக்கை அறை. இவ்வளவும் போக மூலையில் எஞ்சிய துண்டு எதுவோ அது அடுப்படியாகிறது. தெரு வளைந்தால் வளைவு அதன் தலையில் விழும். மாடிப்படி வந்தால் படியின் அடிவயிறு அதற்குள் இறங்கும். பிறகு பாகப்பிரிவினை வருகிறது. அண்ணன் தம்பிகள் எதைப் பிரித்தாலும் கடைசியில் அடுப்பைப் பிரித்தால்தான் பிரிவினை பூர்த்தியாகும் என்பது நம் நாட்டு வழக்கம். "அடுப்பு வேறாகிவிட்டது" என்று சொன்னாலே போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

சின்னமனூரில் நமது இல்லத்து அடுப்படியும் இவ்விதம் பிறந்ததே. பாட்டனார் காலத்தில் அது 14 அடிக்கு 13½ அடியாக நல்ல செவ்வகமாய் இருந்தது. கொல்லையில் கிணறு வடக்கே ஒதுங்கியிருந்தது. நம் தகப்பனாருக்கும் சிற்றப்பாவுக்கும் கிணற்றில் சமபங்கு. ஆகவே பஞ்சாயத்தார், கூடத்துப் பக்கத்தில் தகப்பனாருக்கு அதிகமும் கொல்லைப் பக்கத்தில் சிற்றப்பாவுக்கு அதிகமுமாக விட்டு, கிணற்றின் நடுவை நோக்கி அடுப்படியின் ஊடே சாய்வாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். நம் பாகம் கூடத்தை ஒட்டிய மேற்குப் பக்கத்தில் 9½ அடி அகலம். கொல்லையை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் 4 அடி. சிற்றப்பா பாகம் இதற்கு நேர்மாறு. கணக்கு வாத்தியார் என்ற முறையில் நாம் பரப்பளவைக் கணக்கிட்டுப் பார்த்தோம்: இருவருக்கும் 94½ சதுர அடி. தராசில் நிறுத்தாற்போல் சரிபாதி! பஞ்சாயத்தாரின் நேர்மையில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் சமைக்கிறவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பரப்பு சமமாயிருந்தால் போதுமா? கிழக்கு ஓரத்தில் கொல்லைக் கதவைத் திறந்தால் பிறகு நிற்க இடமில்லை. மேற்கு ஓரத்திலோ மூன்று பேர் கும்மி அடிக்கலாம்.

நம் தாயாருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பழைய அடுப்பு இருந்த தென்கிழக்கு மூலை, அதாவது அக்கினி மூலை, சிற்றப்பா பாகத்தோடு போய்விட்டது. நாற்பது ஆண்டுகளாக இந்தக் குறையை அவர் மறந்ததில்லை. அண்மையில் தரையும் மேடையும் பெயர்ந்து, அடுப்படியைப் புதிதாக அமைத்தே தீரவேண்டிய நிலை வந்தபோது, அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "ஏப்பா, அக்கினி மூலைதான் அந்த வீட்டுக்குப் போயிருச்சு. கிழக்குப் பார்த்து அடுப்பு வைக்கவாச்சும் இடம் உண்டா, இல்லையா?"

யோசனை சொல்ல வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அடுப்படிச் சாமான்களைப் பெட்டி பெட்டியாகச் செய்து பொருத்தித் தரும் கடைக்காரர் ஒருவர் கணிப்பொறியில் வர்ணப் படம் ஒன்று காட்டினார். படத்தில் நம் அடுப்படி சுத்தமான செவ்வகமாய் இருந்தது. "சாய்வு எங்கே போயிற்று?" என்று கேட்டோம். கோணல் பகுதியை முழுவதும் பலகையால் மூடிவிட்டால் அறை நேராகிவிடும் என்றார். கணக்கிட்டுப் பார்த்தால், 4 அடி அகலமும் 14 அடி நீளமுமாக 56 சதுர அடிதான் மிஞ்சும். எஞ்சிய 38½ சதுர அடி கரப்பான் பூச்சிகளின் பாகம். பஞ்சாயத்தார் கூட அவைகளுக்குப் பங்கு கொடுக்கவில்லையே! உறவினர் ஒருவர், சிற்றப்பாவிடம் பேசி இரண்டடி நிலத்தை வாங்கிச் சுவரை நிமிர்த்திவிடலாம் என்றார். ஓர் அடுப்படிக்காக மறுபடியும் பஞ்சாயத்தா என்று நம் தாயார் ஒரே பார்வையில் அதை முடித்துவைத்தார்.

சிறிய அடுப்படியைத் திட்டம் போட்டு அமைப்பதில் உலகப் பிரசித்தி பெற்றவர் ஒரு பெண்மணி. வியன்னாவில் 1897-ல் பிறந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டிடக் கலைஞர், 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படியை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் அளவில் சுமார் 70 சதுர அடி. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் எவ்வளவு சிறிய இடத்தில் எத்தனை பேருக்குச் சமைத்துவிடுகிறார்கள் என்று கவனித்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எட்டையும் கணக்கிட்டு அதை அமைத்தார். மாவுக்கும் பருப்புக்கும் மூக்கு வைத்த அலுமினிய அறைகள். உட்கார்ந்து நறுக்கச் சுழல் முக்காலி. ஈ அண்டாது என்ற நம்பிக்கையில் நீல வர்ணம். இப்படிச் சுமார் 10,000 அடுப்படிகள் அந்நகரில் அமைந்தன. நாஜிகளை எதிர்த்ததற்காக 1941 முதல் 1945 வரையில் சிறையிலிருந்த அம்மையார் 2000-ஆம் ஆண்டு வரையில் வாழ்ந்தார். அந்த அடுப்படியை வகுக்கும் காலத்தில் தமக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அவரே சொல்லியிருப்பது தனி வேடிக்கை.

அவருடைய அடுப்படியைவிட நம்முடையது ஏறக்குறைய 25 சதுர அடி பெரியது! இதைக் கேட்டதும் நமக்கு உண்டான தைரியத்துக்கு அளவில்லை. ஆனால் நம் இல்லத்தரசி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் அத்தை எங்கே உட்காருவார்கள்?" என்று கேட்டார். அம்மையாரின் திட்டத்தைப் பற்றிப் பிற்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் சொன்ன குறையும் அதுவே. அது ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் இடம். இன்னொருவர் நுழைந்தால் இருவரும் முட்டிக்கொள்வர். நம் வீட்டிலோ சமைக்கிறவர் இருவர். ஒருவர் நின்று சமைக்கிறவர். மற்றவர் எழுபது வயதைத் தாண்டியவர். ஆயுள் முழுதும் தரையில் அமர்ந்து அரிவாள்மணையிலும் அம்மியிலும் வேலை செய்தவர். முழங்கால் வலியால் தரையில் அமர முடியாமற் போகவே, இரண்டு ஆண்டுகளாக அடுப்படிக்கு வெளியே கூடத்து நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர். உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வருகிறது. கீரை ஆய்வதற்குக்கூட ஒருவரும் கூப்பிடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று அவர் கேட்கும் குரலில் என்னமோ ஒன்று இருந்தது. அடுப்படியைப் புதுப்பிப்பதற்குத் தரை பெயர்ந்தது மட்டும் காரணமன்று.

புகையைப் பற்றியும் இங்கே இரண்டு வார்த்தை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிப் போனால் மதுரை மாவட்டத்தில் தே. கல்லுப்பட்டி இருக்கிறது. அங்கே காந்தி நிகேதனில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1960-ல் காலமானவர் ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த இத்தஞ்சாவூர்க்காரர், 1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தலரிசி முதலிய எளிய விஷயங்களைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்தவர். அச்சங்கம் இருந்த வார்தா மகன்வாடியிலிருந்து வந்ததுதான் புகைபோக்கி வைத்த 'மகன்' அடுப்பு. மகன் என்றது பிள்ளையை அல்ல. மகன்லால் காந்தியின் பெயர் அது. 1950-களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் நிபுணரும் புகையில்லா அடுப்புக்காகப் பாடுபட்டார். பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அரித்த புகையை ஒரு தேசப் பிரச்சினையாக எண்ணிய பெரியோர்கள் இவர்கள். நம் வீட்டில் எரிவாயு வந்து புகை போயிற்று. காற்றுப் பிரச்சினை மட்டும் போகவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்ற ஊரார் உபசாரமாகச் சொல்லலாம். கம்பம் பள்ளத்தாக்கில் அது ஏறக்குறைய நடப்பு. மேற்கே ஏலமலை; கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். ஆனி, ஆடியில் மேல்காற்று மலை இடுக்குகளில் புகுந்து நெருக்குண்டு வேகம் பெறுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். நம் வீடோ மேற்குப் பார்த்த வீடு. தெருக்கதவைத் திறந்தால் காற்று கூடத்தைக் கடந்து, அடுப்படியின் அகன்ற வாயில் நுழைந்து, குறுகிய கொல்லைக் கதவு வழியே பாய்கிறது. அகலமாய் நுழைந்து ஒடுக்கமாய் வெளியேறும் காற்று விரைவு கொள்ளும் என்பது பள்ளிச் சிறுவர்களும் அறிந்த பாடம். பள்ளத்தாக்கு பெரிய அளவில் செய்வதையே நம் அடுப்படி சிறிய அளவில் செய்கிறது!

விறகடுப்பாயிருந்தால் தீ சற்றுச் சீறும், அவ்வளவுதான். எரிவாயு அடுப்பில் சுடர் அணைந்தால் வாயு தொடர்ந்து வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையில் படியும். அதனால்தான் அடுப்பு ஜன்னலுக்கும் கதவுக்கும் நேரே இருக்கலாகாது. வாயு உருளை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைக் கதவிட்டு அடைக்கலாகாது. தரையோரத்தில் வெளியே போக ஒரு துவாரம் வேண்டும். படம் போடுகிறவர்கள் ஓடு, வர்ணம், விளக்கு எல்லாம் காட்டுகிறார்கள். இந்தத் துவாரத்தை ஒருவரும் காட்டக் கண்டதில்லை.

அக்கினி மூலையைப் பற்றி நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். மேல்காற்று அடிக்கும் ஊரில் வீட்டின் கிழக்கோரத்தில் அடுப்பை வைத்தால் புகையும் பொறியும் வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். முன்னோர்கள் சாஸ்திரமாகச் சொன்னதில் இந்த அனுபவமும் கலந்திருக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால் காரணம் அதுவானால், மூலையைவிடக் காற்றின் போக்கே முக்கியம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையார் 1940-களில் 'வேலை முக்கோணம்' என்று ஒன்றைப் பிரபலப்படுத்தினார்கள். அடுப்பு, கழுவும் தொட்டி, சாமான் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால், மூன்று கோடுகளும் சேர்ந்து 26 அடிக்கு மேற்படலாகாது என்பது விதி. நல்ல விதிதான். ஆயினும் சோறு வடிக்கும் சங்கதி அவர்களுக்குத் தெரியாது. கொதிக்கும் உலைப்பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாலடி நடப்பது எத்தகைய அபாயம்! நம் அடுப்படியில் அடுப்பும் தொட்டியும் ஒரே திருப்பத்தில் எட்ட வேண்டும்.

காகிதத்தில் படம் போட்டால் பெண்கள், "சரி, சரி" என்பார்கள். வேலை முடிந்த பிறகுதான் கை எட்டவில்லை என்று தெரியும். ஆகையால் முதலில் அறையின் நான்கு சுவர்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடா பிடித்து அளந்தோம். கோணல் அறைக்கு மூலைவிட்டம் இன்றியமையாதது. நான்கு சுவர்களின் அளவு மட்டும் தெரிந்தால் வடிவம் தெரியாது. நமக்கு வந்தவை 14 அடி 7 அங்குலமும் 16 அடி 11 அங்குலமும். பிறகு வெறுந்தரையில் கோலமாவால் மேடைகளை முழு அளவில் வரைந்தோம். வரைந்தது நம் இல்லத்தரசி; கோடு நேராக வரவேண்டுமானால் அதற்கு உரியவர் கை வேண்டும். அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேடையாக்கி, அடுப்பு இருக்குமிடத்தில் ஒரு முக்காலியை வைத்து, காலிப் பாத்திரங்களோடு ஒரு பொய்ச்சமையல் நடந்தது. நம் மகள் எட்டுக்களை எண்ணினாள். கடைக்காரர் படத்தில் வந்த எண்ணிக்கையில் பாதிக்குச் சற்று மேல்தான் கடைசித் திட்டத்தில் வந்தது. நடுவே நான்கு திட்டங்கள் ஈரத்துணியால் துடைக்கப்பட்டன. கல்லால் கட்டியிருந்தால் துடைக்க முடியுமா?

கடைசித் திட்டம் பிறந்த விதம் இது. காற்று, சாய்ந்த தெற்குச் சுவரை ஒட்டியே ஓடுகிறது என்பதை ஊதுவத்திப் புகையைப் பிடித்துப் பார்த்துக் கண்டோம். கூடத்துக் கதவுக்கு வடக்கே மேற்குச் சுவர் 4½ அடி அடைப்பாக இருப்பதால், வடமேற்கில் காற்றுத் தொடாத ஒரு மடக்கு கிடைத்தது. சந்தைப் பார்த்த வடக்குச் சுவர் நேரானது, ஜன்னலும் உண்டு. அதை ஒட்டி மேடை. மேடையின் ஏழாவது அடியில் அறைக்குள் நீட்டிக்கொண்டு 2¾ அடிக்கு ஒரு சிறு மேடை; அதன்மேல் அடுப்பு. சமைக்கிறவர் மடக்குக்குள் நின்றால் அடுப்பு எதிரே. அவர் பார்ப்பது கிழக்கு! இடக்கைப் பக்கம் திரும்பினால் கழுவும் தொட்டி. கஞ்சி வடிக்கப் பக்கத்தில் ஒரு தட்டுப் பள்ளம். முதுகுப் பக்கம், மேற்குச் சுவரில், மளிகை அலமாரி. மூன்று கோடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 14½ அடி. அடுப்பு மேடையின் தெற்கு ஓரத்தில் ஒரு முழ உயரத்துக்குத் தடுப்புச் சுவர். அக்கினி மூலையைக் கொண்டுவர நம்மால் முடியவில்லை, கிழக்கைக் கொண்டுவந்துவிட்டோம்.

மேடையின் உயரத்தில் கொத்தனாருடன் பெரிய விவாதம் நடந்தது. "ஊரெல்லாம் முப்பத்துமூணு இஞ்சுதான் சார்" என்றார். ஊரெல்லாம் சமைக்க வரப்போவதில்லையே! சமைக்கிறவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கும்போது முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு நாலு அங்குலம் கீழே நறுக்கும் மேடை இருப்பது உத்தமம். நம் இல்லத்தரசியின் உயரம் 4 அடி 10 அங்குலம். முழங்கை 36 அங்குலம். ஆகவே மேடை 32. அடுப்போ தானே உயரமுள்ளது. அதன்மேல் குக்கரோ இட்லிப் பானையோ ஏறினால் கரண்டி பிடிக்கும் கை தோளுக்கு மேலே போய்விடும். ஆகையால் அடுப்பு மேடை மட்டும் 28 அங்குலம். "பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி இருக்கும் சார்" என்று கொத்தனார் முணுமுணுத்தார். அட்டைப் பெட்டிமேல் குக்கரை வைத்து அவரையே கிளறச் சொன்னோம். பிறகு பேச்சில்லை, கடப்பைக் கல் 28-ல் அமர்ந்தது.

சாய்ந்த சுவரை என்ன செய்வது? பெட்டி போன்ற சாமான்களை அங்கே வைத்தால் முதுகுப்புறம் முக்கோணச் சந்து விழும். ஆனால் நம் நாட்டுச் சாமான்கள் எப்போது பெட்டியாயிருந்தன? குடம், பானை, உரல், அண்டா எல்லாம் வட்டம். வட்டத்துக்கு எந்தக் கோணமும் ஒன்றே. சுவரைத் தொட்டு நிற்கும். கூடத்துக் கதவுக்குத் தெற்கே 68 பாகையில் ஒடுங்கும் மூலையில், கடைக்காரர் பலகை போட்டு மூடச் சொன்ன அதே மூலையில், அரிசி டிரம் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது. 2011-ல் தமிழ்நாட்டு அரசு வீடுகளுக்கு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளில் கிரைண்டர் வைக்க இடமில்லாமல் கட்டிலடியில் போய்ச் சேர்ந்ததைக் கண்டிருக்கிறோம். இங்கே அதற்கும் இடமுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாய்ந்த சுவரை ஒட்டி 17 அங்குல உயரத்தில், ஒன்றேகால் அடி அகலத்தில், ஒரு திண்ணை கட்டினோம். கால் மடக்காமல் உட்காரலாம். எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டாம். ஆடிக் காற்று முகத்தில் அடிக்கும். அடுப்பு எதிரே நாலடியில்.

கிரகப்பிரவேசம் போல ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் நம் தாயார் தாமாகவே எழுந்து போய்த் திண்ணையில் அமர்ந்து, முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவத் தொடங்கினார். "தாயி, புளியைக் கரைச்சிட்டியா?" என்று கேட்டார். "இதோ, அத்தை" என்று பதில் வந்தது. ருசி விஷயத்தில் இருவருக்கும் உள்ள பழைய அபிப்பிராய பேதங்களும் அன்றே புனர்ஜன்மம் எடுத்தன. அதற்கு எந்தச் சர்வகலாசாலையிலும் விதி கிடையாது.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் சின்னம்மா கொல்லைக் கதவு வழியாக வந்தார். கிணற்றடியோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும் வழக்கமுடையவர் அன்று படியேறி உள்ளே வந்து, திண்ணையில் நம் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்து, "அக்கா, எங்க அடுப்படியும் இதே கோணல்தானே" என்றார். அதே கோணல்தான், ஆனால் திரும்பிய கோணல். அங்கே ஒடுக்கம் கூடத்துப் பக்கம். அகலம் கொல்லைப் பக்கம். காற்று நுழையும்போதே குறுகி, உள்ளே போய்ப் பரவும். நம் திட்டத்தை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது. ஆதியிலிருந்து வரைய வேண்டும். சின்னம்மாவின் உயரம் 5 அடி 3 அங்குலம். மேடை உயரமும் மாறும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் தரையில் கோலம் போடுவதாக ஏற்பாடு. நாடாவை இப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோலமாவு நம் வீட்டிலிருந்து போகிறது.